பூரட்டாதியில் போனவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாள் பார்ப்பது, நட்சத்திரம் பார்ப்பது, ராகு காலம், எமகண்டம் எதுவும் எனக்குக் கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் நாலு பேர் முன்னால் கேட்டால் கிடையாது என்றுதான் சொல்வேன். நான் வேதக்காரன், பெயர் சவரிமுத்து, அந்தோணியார் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவன். எனக்கு நல்ல நாள் என்றால் ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்மஸ், பாஸ்கு, அப்புறம் சம்பள நாள். இலங்கையில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேசனாக, அதாவது கொத்தனாக, இருந்தேன். இந்தியாவுக்குப் போவதா, இங்கேயே கிடப்பதா என்று சனமெல்லாம் குழம்பிக்கொண்டிருந்த காலம். அஷ்டமி நவமியில் கல் வைக்காதே, கரிநாளில் கூரையைத் தொடாதே என்று தோட்டத்துச் சனம் குடியிருக்கிற லயத்தில் சொல்வார்கள், நான் வேண்டுமென்றே அந்த நாளில்தான் வைப்பேன். அஷ்டமியில் நான் கட்டிய கக்கூஸ் இன்னும் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, நானாயிருந்தாலும் சிரித்திருப்பேன். ஆனால் அந்தச் சுவரைக் கட்டியது என் கை. ஒரு சுவர் எப்படி விழும், எப்படி விழாது என்று எனக்குத் தெரியும்.

அது பழைய லயம், வெள்ளைக்காரன் ஆதிகாலத்தில் கட்டியது. இரட்டை லயம் என்பார்கள். ஒரே தகரக் கூரைக்குக் கீழே கிழக்குப் பார்த்து ஒரு வரிசைக் காம்பரா, மேற்குப் பார்த்து ஒரு வரிசைக் காம்பரா, நடுவில் முதுகோடு முதுகாக ஒரே சுவர். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, ஒரு வாசல், அவ்வளவுதான். பின்வாசல் கிடையாது, பின்னால் இருப்பது அடுத்தவன் வீடு. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும்.

கிழக்கு வரிசையின் நடுக் காம்பராவில் காத்தாயியும் அவள் புருஷன் முருகையாவும் இருந்தார்கள். பிள்ளை இல்லை. முருகையா வாயில்லாத மனுஷன், காத்தாயி அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள். நல்ல உயரம், கனத்த கை, கொழுந்து எடுப்பதில் அவளை முந்த ஆளில்லை. அவளுக்கு நேர் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், சிவனு கங்காணியும் அவன் பெண்சாதி செல்லம்மாவும். சிவனுதான் கொழுந்து எடுக்கிற பெண்களை மேய்க்கிறவன். அவன் கை எங்கே போகும் என்று மலை முழுக்கத் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள்.

காத்தாயி கேட்டாள். புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த ஒரு பெண்ணைச் செடி மறைவில் அவன் பிடித்து இழுத்திருக்கிறான், அவள் கத்தியிருக்கிறாள். காத்தாயி தன் வரிசையை விட்டு வந்தாள். கொழுந்து எடுக்கும்போது செடிகளுக்கு மேலே கிடத்தி மட்டம் பார்க்க நீளமாக ஒரு கம்பு வைத்திருப்பார்கள், மட்டக்கம்பு. அதால் அவன் முகத்தில் ஒரே வீச்சு. புருவம் பிளந்து இரத்தம் கண்ணை மூடிவிட்டது. இனிமேல் கையை நீட்டினால் கை இருக்காது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப்போய்த் தன் வரிசையில் நின்று கொழுந்து எடுத்தாள். மலையே பார்த்தது. அவன் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்தச் சிரிப்புத்தான் தங்களுக்குப் பிடிக்கவில்லை என்றும் சொன்னார்கள்.

கொஞ்ச நாள் போயிற்று. மழைக்காலம், பின்னேரமே இருட்டிக்கொண்டு வரும். கொழுந்தை எடை போட்டுவிட்டு வருகிற வழியில் ஓடைப் பாறைக்குக் கீழே காத்தாயி கிடந்தாள். பின்மண்டை உடைந்திருந்தது, வாய்ப்பக்கமும் நசுங்கியிருந்தது. வழுக்கி விழுந்தவளுக்கு முன்னும் பின்னும் எப்படி அடிபடும் என்று யாரும் சத்தமாகக் கேட்கவில்லை. சாக்கில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோட்டத்து லொறி ஹட்டனுக்குப் போயிருந்தது, வருகிற வரைக்கும் காம்பராவில் போட்டிருந்தார்கள். நானும் அங்கே நின்றேன். மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. முருகையா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. பின்சுவரைப் பார்த்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் அப்படியே பார்த்தபடி உயிர் போயிற்று.

மறுநாள் காலையில் மரண விசாரணை ஐயா வந்தார், கால் வழுக்கி விழுந்த சாவு என்று எழுதினார், பொலிஸ்காரரோடு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். சிவனு அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு பாலம் வரை போனான். இதை நான் கண்ணால் கண்டேன்.

அப்புறம்தான் மாரியம்மன் கோயில் பண்டாரம் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். உயிர் போன நேரத்துக்குச் சந்திரன் பூரட்டாதியில் நிற்கிறது என்றார். எனக்கு அது என்ன ஊர் என்றுகூடத் தெரியாது. அவர் விளக்கினார். சந்திரன் ஒரு நாளைக்கு ஒரு நட்சத்திரம் என்று நடந்து இருபத்தேழையும் ஒரு சுற்று சுற்றி வருமாம். அதில் அவிட்டம் பாதி தாண்டியதிலிருந்து சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி முடிகிற வரைக்கும் தனிஷ்டா பஞ்சமி. அந்த ஐந்தில் உயிர் போனால் அதற்கு மேலே போக வழி திறக்காது, வீட்டையே சுற்றும். அதனால் பிணத்தை வாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது, வாசலைக் காட்டினால் அதே வாசலில் திரும்பி வரும். சுவரை உடைத்து அந்த வழியாகக் கொண்டுபோய், உடனே சுவரை அடைத்து, வீட்டையும் ஆறு மாசம் பூட்டிவிட வேண்டும். வழி தெரியாமல் அலைந்துவிட்டுத் தன்பாட்டில் போய்விடும். இதற்கு அடைப்பு என்று பெயர்.

வாசல் பக்கத்துச் சுவரை உடைத்தாலும் அது வாசலாகவே கணக்காம். பக்கவாட்டில் ஒரு காம்பராவில் பிள்ளை பெற்றவள் கிடக்கிறாள், மற்றப் பக்கத்தில் உடைத்தால் அதுவும் கிழக்கு வாசலுக்கே வரும். மிச்சம் இருப்பது பின்சுவர். பின்சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று எல்லாருக்கும் தெரியும். பண்டாரம் சொல்லி முடித்தபோது அங்கே நின்ற அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.

முருகையா என்னிடம் வந்தான். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான், செத்தவளுக்கு எந்த வழியாய் இருந்தால் என்ன என்று. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் சிரிக்க முடியவில்லை. தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் கேட்டேன். தோட்டத்துச் சுவர், துரைக்குத் தெரியக் கூடாது, பொழுது சாய்வதற்குள் உடைத்து அடைத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் அந்தப் பக்கமே வராமல் போய்விட்டார்.

நாங்கள் மேற்குப் பக்கம் போனபோது சிவனு வாசலில் கவ்வாத்துக் கத்தியோடு நின்றான். தேயிலைச் செடியை ஒரே வெட்டில் தறிக்கிற கத்தி அது.

"இந்தச் சுவத்துல கை வச்சா எவனா இருந்தாலும் வெட்டுவேன். பொணத்த எங்கூட்டுக்குள்ள கொண்டு வர உடமாட்டேன்."

முருகையா நடந்து அவன் முன்னால் போய் நின்றான். வாழ்க்கையில் யாரையும் எதிர்த்து நிற்காத மனுஷன். சிவனு வீசினான். முருகையா கையைக் கொடுத்துத் தடுத்தான், உள்ளங்கை எலும்பு தெரியப் பிளந்தது. அதுவரைக்கும் பயந்து நின்ற சனம் அதைக் கண்டதும் அவன்மேல் விழுந்தது பாருங்கள், யார் அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை, பெண்கள்கூட விறகுக் கட்டையால் அடித்தார்கள். பல்லு உடைந்து சட்டை முழுக்க இரத்தம். அவனை இழுத்து வெளியே வாசல் தாழ்வாரமான இஸ்தோப்பின் தூணில் கயிற்றால் கட்டினார்கள். அப்போதும் கத்தினான். காத்தாயியைக் கெட்ட வார்த்தையால் திட்டினான், செத்தவளை.

செல்லம்மா இவ்வளவுக்கும் உள்ளே அடுப்பு மூலையில் நின்றாள். கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது, அது பழைய வீக்கம். வெளியே வந்து புருஷனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்.

"ஒடைங்கண்ணே. இந்தப் பக்கமா கொண்டு போங்க."

காத்தாயியின் பக்கமிருந்து உடைத்தேன். கருங்கல்லும் மண்சாந்தும், அலவாங்கு என்கிற கடப்பாரையால் நெம்பினால் வருகிற சுவர்தான். ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்ததும் காலை முன்னால் விட்டு அவளைக் கொண்டுவந்தார்கள், கல்லில் இடிக்காமல் இருக்க நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். சிவனுவின் காம்பராவுக்குள் வந்து வாசலைத் தாண்டும்போது நெஞ்சில் கட்டியிருந்த வலது கை அவிழ்ந்து விழுந்து நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டது. செத்த உடம்பு விறைக்கும், விரல் கொக்கி மாதிரி நிற்கும், அது எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தவன் நான். ஒரு விரலைப் பிரித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் முதல் விரல் மறுபடியும் மடங்கியது. தூணில் கட்டிக் கிடந்த சிவனு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் திட்டு நின்றுவிட்டது. நின்ற இடத்திலேயே மூத்திரம் போனான்.

புதைத்துவிட்டு வந்தார்கள். நான் சிவனுவின் பக்கம் நின்று சுவரை அடைத்தேன். காத்தாயியின் வாசலைப் பூட்டி, குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்து, பண்டாரம் மஞ்சள் கயிறு கட்டினார். முருகையா கீழ் டிவிஷனில் தங்கச்சி வீட்டுக்குப் போனான். எல்லாம் முடிந்தது என்று நான் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுத்தேன்.

விடிந்தால் சுவர் திறந்து கிடக்கிறது. நான் வைத்த கல் அத்தனையும் சிவனுவின் காம்பராவுக்குள் சிதறிக் கிடக்கின்றன. கண்டாக்கையா என்னைத் திட்டினார், ஈரச் சாந்து, அவசர வேலை, நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுபடி கட்டினேன். மறுநாள் விடிந்தால் மறுபடியும் அதே கதி. சிவனு அன்றைக்குச் செல்லம்மாவைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அந்த ஓட்டையில் வைத்து இடித்தான், நீதானேடி வழி விட்டாய் என்று. பக்கத்துச் சனம் வந்து பிரித்தார்கள். மூன்றாம் தரம் நான் சீமெந்து போட்டுக் கட்டினேன், உள்ளே ஆப்புக் கல் வைத்து இறுக்கினேன். அது நின்றது. பாருங்கள், சீமெந்து போட்டால் பேயும் நிற்கும் என்று நான் பண்டாரத்தைக் கிண்டல் பண்ணினேன். அவர் கோபிக்கவில்லை. "ரேவதி முடிஞ்சு அசுவினி பொறந்துருச்சு சவரி, அதான் நிக்குது" என்றார். அப்போது எனக்கு அது வெறும் பேச்சு.

நாட்கள் போயின. சிவனு வேலைக்குப் போவதை விட்டுவிட்டுக் கசிப்புக் குடித்துக்கொண்டு கிடந்தான். சுவர் அசையவில்லை. பிறகு ஒரு நாள் செல்லம்மா வழியில் என்னைக் கண்டு, சுவரில் மயிர்க்கோடு மாதிரி ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது என்று சொன்னாள். மறுநாள் கோடு விரல் நுழைகிற அளவுக்கு வந்துவிட்டது என்று கண்டாக்கையாவுக்கே தகவல் போய்விட்டது. அதற்கு அடுத்த நாள் போய்ப் பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார். போகிற வழியில் கோயிலடியில் பண்டாரம் நின்றார்.

"சந்திரன் சுத்தி வந்துட்டாரு சவரி. இன்னைக்குப் பூரட்டாதி. அந்தப் பக்கம் போகாத."

எனக்கு வேலை, அவருக்குப் பஞ்சாங்கம் என்று சொல்லிவிட்டு அலவாங்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

பட்டப்பகல், சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும், ஆனால் மழை மூட்டத்தில் வெளிச்சம் செத்துக் கிடந்தது. லயத்தில் எல்லாரும் மலைக்குப் போயிருந்தார்கள். சிவனு மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருந்தான், கண்ணெல்லாம் சிவப்பு. நான் சுவரைப் பார்த்தேன். வெடிப்பு கண்டபடி ஓடவில்லை. நான் அடைத்த இடத்தைச் சுற்றி, அளந்து வெட்டினது போல ஓடியிருந்தது. சீமெந்து வெடித்தால் அப்படி வெடிக்காது. தட்டிப் பார்க்கலாம் என்று காதை வைத்தேன்.

உள்ளே கொழுந்து எடுக்கிற சத்தம் கேட்டது.

சிரிக்காதீர்கள். கொழுந்து கிள்ளுகிற சத்தம் தனிச் சத்தம், இரண்டு கையும் மாறி மாறிப் போகும், டக் டக்கென்று பல்லி சொல்வது மாதிரி. மலையில் பிறந்தவனுக்கு அதை வேறு எதோடும் மாற்றிச் சொல்ல வராது. பூட்டின காம்பரா, உள்ளே ஒரு இலை கிடையாது. அந்தச் சத்தம் வரிசையில் நடந்து வருகிற மாதிரி சுவரை நோக்கிக் கிட்டக் கிட்ட வந்தது. நான் காதை எடுத்துவிட்டுத் திரும்பினேன். சிவனுவுக்கும் கேட்டிருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும், எனக்கு மட்டும் கேட்கிற பிரமை இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

அப்புறம் சத்தம் நின்றது. சுவரின் நடுக் கல் ஒன்று எங்கள் பக்கம் நகர்ந்தது. மேசைப் பெட்டியை இழுத்துத் திறப்பது போல நிதானமாக வந்து விளிம்பில் நின்று, தரையில் விழுந்தது.

சிவனு பாய்ந்து என் கையிலிருந்து அலவாங்கைப் பிடுங்கினான். தடுக்க எனக்கு உடம்பு வரவில்லை. வாடி, வாடி என்று கத்திக்கொண்டு சுவரில் இடித்தான், கல் பறந்தது, ஒன்று என் முழங்காலில் விழுந்தது. ஓட்டை திறந்ததும் அலவாங்கை முன்னால் நீட்டிக்கொண்டு தலையையும் தோளையும் உள்ளே விட்டு இருட்டில் குத்தினான். "ஒருக்காக் கொன்னவன் மறுக்காக் கொல்லமாட்டேனாடி" என்றான். இதை நான் காதால் கேட்டேன், எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

அந்த வார்த்தை முடியவில்லை, அவன் உடம்பு ஒரு வெட்டு வெட்டி உள்ளே போயிற்று. வழுக்கிப் போகவில்லை, இழுபட்டுப் போயிற்று. இடுப்பு வரைக்கும் போய்க் கல்லில் சிக்கி நின்றது. நான் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு, மாதாவே மாதாவே என்று இழுத்தேன். மறுபக்கமும் இழுத்தது. உள்ளே கம்பு காற்றைக் கிழிக்கிற சத்தம், அப்புறம் அடி, கம்பு, அடி. ஒவ்வொரு அடிக்கும் அவன் கால் என் கைக்குள் உதறியது. அவன் அலறவே இல்லை, வாயைத் திறக்க நேரம் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். சூடாக ஏதோ ஓட்டையின் விளிம்பில் வழிந்து என் கையெல்லாம் ஆனது. திடீரென்று விட்டது. அவன் என்மேல் வந்து விழுந்தான்.

முகம் என்று ஒன்று இல்லை. நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் குறுக்காகக் கோடு கோடாகப் பிளந்திருந்தது. கல் விழுந்த காயம் ஒன்றுக்கொன்று ஒத்து நிற்காது. இது அத்தனையும் ஒரே மட்டம், நான் நூல் பிடித்துக் கட்டின கல் வரிசை போல. பின்மண்டை உடைந்திருந்தது. ஆனாலும் உயிர் இருந்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மட்டம் பாக்குறா சவரி, மட்டம் பாக்குறா" என்று சொன்னான். என் கூச்சல் கேட்டு மலையிலிருந்து ஆட்கள் ஓடி வந்து சாக்கை விரிப்பதற்குள் போய்விட்டான்.

நான் ஓட்டை வழியாகப் பார்த்தேன். யாரும் இல்லை. கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டைகளிலிருந்து வெளிச்சம் நூல் நூலாக விழுந்தது. தரையில் ஒரு மாதத் தூசி, அதில் அவன் இடித்த கல்லும் என் அலவாங்கும் மட்டும் கிடந்தன, ஒரு கால் தடம் இல்லை. சுற்றிப்போய் வாசலைப் பார்த்தேன். பூட்டு, பலகை, மஞ்சள் கயிறு எல்லாம் அப்படியே இருந்தன.

பொலிசுக்கு நான்தான் கொலைகாரன். வேறு யார் இருக்கிறார்கள், என் அலவாங்கு, என் சட்டையில் அவன் இரத்தம். மஸ்கெலியா ஸ்டேசனில் வைத்து, உண்மையைச் சொல் என்று உள்ளங்காலிலும் முதுகிலும் அடித்தார்கள். உண்மையைச் சொன்னேன், அதற்கு இன்னும் அடித்தார்கள். விடிந்த பிறகு செல்லம்மா வந்தாள். தான் இஸ்தோப்பில் நின்று பார்த்ததாகவும், புருஷன் வெறியில் தானே சுவரை இடித்துத் தலையில் போட்டுக்கொண்டதாகவும், மேசன் காலைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றப் பார்த்ததாகவும் சொன்னாள். அவள் அங்கே இல்லை, மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் செத்தவனின் பெண்சாதியே சொல்கிறாள், விசாரணை ஐயா அப்படியே எழுதினார், என்னை விட்டார்கள்.

நொண்டிக்கொண்டு நான் லயத்துக்கு வந்தபோது சவத்தை எடுக்கிற நேரம். இவனும் பூரட்டாதியில் போனவன், இவனுக்கும் அடைப்பு. வாசல் வழியாக எடுக்கக் கூடாது. சுவர் ஏற்கெனவே திறந்து கிடக்கிறது, அந்த வழியாகக் காத்தாயியின் காம்பராவுக்குள் கொண்டுபோய் அப்படியே கிழக்கு வாசலால் எடுத்துவிடலாம் என்று பண்டாரம் தயங்கித் தயங்கிச் சொன்னார். செல்லம்மா எழுந்து ஓட்டைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அவ வீட்டுக்குள்ள இவரு போகக் கூடாதுங்க. வாசல் வழியாவே தூக்குங்க."

வாசல் தெரிந்தால் திரும்பி வந்துவிடுவான் என்று பண்டாரம் மெதுவாகச் சொன்னார்.

"வரட்டும்" என்றாள்.

வாசல் வழியாகவே கொண்டுபோனார்கள். நான் அங்கேயே நின்று சுவரை அடைத்தேன். கையெல்லாம் வீங்கியிருந்தது, நல்ல வேலை என்று சொல்ல முடியாது, கல்லை வைத்துச் சுண்ணாம்புச் சாந்தை அப்பினேன். செல்லம்மா துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள், கினிகத்தேனையில் அண்ணன் வீட்டுக்குப் போவதற்கு. என்னைப் பார்க்காமலே சொன்னாள், "அன்னைக்கு அவரு ஓடையிலேருந்து போட்டுக்கிட்டு வந்த சட்டையை நாந்தாங்கண்ணே கழுவுனேன்." மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வாசலையும் பூட்டினார்கள். அப்புறம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கமும் ஆள் இல்லை, அந்தப் பக்கமும் ஆள் இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நானே சொல்லிவிடுவேன். காத்தாயியின் அடைப்பு ஆறு மாசமும் முடிந்து, பண்டாரம் வளர்பிறையில் ஒரு நல்ல நாள் பார்த்துக் கொடுத்து, முருகையா காம்பராவைத் திறந்தான். கூடவே நானும் போனேன், சுவர் நிற்கிறதா என்று பார்க்க. நின்றது. நான் அதைக் கட்டியது மறுபக்கமிருந்து. மறுபக்கமிருந்து கட்டினால் இந்தப் பக்கம் சாந்து பிதுங்கித் தொங்கும், கட்டி கட்டியாகக் காயும், எட்டித் துடைக்க வழி கிடையாது. நான் பார்த்த சுவரில் ஒரு கட்டி இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சாந்தை அழுத்தி நிரப்பி, மேலே இழுத்துப் பூசியிருந்தது, விளிம்பிலிருந்து விளிம்பு வரைக்கும் ஒரே மட்டமாக. கரண்டியால் பூசினது இல்லை, கையால். நாலு விரல் பதிந்த தடம் பக்கத்தில் பக்கத்தில் ஓடியது. சாந்து ஈரமாக இருக்கும்போதே பூசினால்தான் அப்படி வரும், அதாவது நான் அந்தப் பக்கம் அடைத்துக்கொண்டிருந்த அதே பொழுதில். முருகையா அதன்மேல் வெட்டுப்பட்ட கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

பிறகு சிவனுவின் காம்பராவையும் திறந்தார்கள். அந்தப் பக்கத்தில் என் சாந்து முழுக்கப் பிறாண்டி எடுத்துக் கருங்கல் பல்லிளித்துக்கொண்டு நின்றது, தரையெல்லாம் சுண்ணாம்புத் தூள். ஒரு கல்கூட அசைந்திருக்கவில்லை.

இதையெல்லாம்கூட நான் ஒரு மாதிரி மறந்துவிட்டேன், வயதாகிவிட்டது. என்னால் மறக்க முடியாதது அந்த விரல் தடங்களின் நிறம். வெள்ளைச் சுண்ணாம்பில் ஒவ்வொரு விரல் கோடும் கறுப்பு. கொழுந்து கிள்ளுகிற பெண்களுக்கு விரல் நுனியில் ஏறுமே ஒரு இலைக்கறை, சோப்புப் போட்டாலும் போகாதே, அந்தக் கறுப்பு. நானே அதன்மேல் வெள்ளை அடித்தேன், காய்ந்ததும் மேலே வந்தது. மறுபடி அடித்தேன், வந்தது. இப்போது அந்தக் காம்பராவில் ஒரு சின்னக் குடும்பம் இருக்கிறது, அவர்களுக்கு எதுவும் தெரியாது. போன தடவை அந்தப் பக்கம் போனபோது தண்ணி கேட்கிற சாக்கில் உள்ளே எட்டிப் பார்த்தேன். அந்த வீட்டுப் பெண், சுவரில் நாலு கோடு எப்பவும் ஈரமாக இருக்கிறது, மழை எங்கேயோ ஒழுகுகிறது போல, மேசன்தானே நீங்கள், கொஞ்சம் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். நான் தொடவில்லை.